கண் டாக்டரிடம் சொல்லாமல் விடுவது: பால்வினை நோயும் பார்வையும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியில், 2022இல், சில மாத இடைவெளியில் ஐந்து பெண்கள் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். எல்லோரும் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினர். பார்வை மங்கல் என்றார் ஒருவர். இன்னொருவருக்கு எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. மற்றொருவருக்குக் கண்முன்னே புள்ளிகள் மிதந்தன, வெளிச்சம் கூசியது. ஐந்து பேருக்கும் இருந்தது சிஃபிலிஸ். நம் ஊர்ப் பெரியவர்கள் மேகநோய், கிரந்தி என்றெல்லாம் சொன்ன அதே பழைய நோய் கண்ணுக்குள் புகுந்திருந்தது. சுகாதாரத் துறையினர் தொடர்புகளைத் தேடிக்கொண்டே போனபோது, ஐவருக்கும் பொதுவாக ஓர் ஆண் இருந்தது தெரியவந்தது. அவரிடமும் கிருமி இருந்தது. அவருடைய கண்ணுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

கண் சரியில்லை என்று போகிறவர் எவரும் படுக்கையறை விஷயம் பேசும் எண்ணத்தோடு போவதில்லை. டாக்டரும் பெரும்பாலும் கேட்பதில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் கண் பிரிவு ஒரு கட்டடம், பால்வினை நோய்ப் பிரிவு எங்கோ ஒரு மூலை. உடம்புக்குள் அப்படி ஒரு மதில் கிடையாது. பிறப்புறுப்பைத் தொட்ட கை கண்ணைத் தொட்டால் கிருமி கண்ணில் ஒட்டிக்கொள்ளும். சிஃபிலிஸும் எச்.ஐ.வி.யும் இரத்தத்தோடு போகும். வேறு சில கிருமிகள் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தையின் கண்ணுக்குப் போகும். இது தெரியாததால் நேரும் தவறுகள் சில உண்டு. தெரிந்தும் வெட்கத்தால் நேருபவை அதைவிட அதிகம் என்பது என் எண்ணம்.

“மெட்ராஸ் ஐதானே, ஒரு வாரத்தில் போய்விடும்”

தமிழ்நாட்டில் சிவந்த கண் என்றால் மெட்ராஸ் ஐ. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அடினோ வைரஸால் வருவது. கண்ணீராக வடியும், உறுத்தும், ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்கும் தாவும், ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கும் வரும். தெருவிலோ அலுவலகத்திலோ யாருக்கும் இல்லாமல் உங்களுக்கு மட்டும் வந்திருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வெட்டை நோய் என்று பழைய தமிழில் சொன்ன கொனோரியா கண்ணுக்கு வந்தால் அதன் வேகமே வேறு. பீளை என்று சொன்னால் போதாது, சீழ் கொட்டும். துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி நிறைந்திருக்கும். இமைகள் திறக்க முடியாதபடி வீங்கிவிடும். இதெல்லாம் ஒன்றிரண்டு நாளில் நடந்துவிடும். சாதாரண பாக்டீரியா ஒன்று கருவிழியைத் தாக்க வேண்டுமானால் அங்கே ஏற்கெனவே ஒரு கீறலாவது இருக்க வேண்டும். கொனோரியா கிருமிக்கு அந்தத் தயவு தேவையில்லை. கீறலே இல்லாத கருவிழியிலும் இறங்கிப் புண்ணாக்கி, ஓட்டை போட்டுவிடும். அதனால் இங்கே ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்ற பேச்சுக்கு இடமில்லை; அன்றைக்கே, அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும், கண் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள், உப்புக் கரைசலால் கண்ணைக் கழுவுவார்கள், செஃப்ட்ரையாக்சோன் ஊசி போடுவார்கள். வெறும் சொட்டு மருந்து இதற்கு எடுபடாது.

சிறுநீரால் கண்ணைக் கழுவுவதை இயற்கை வைத்தியம் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். சிறுநீர்ப்பாதையில் கொனோரியா இருப்பவர் அதைச் செய்தால் கிருமியைத் தன் கையாலேயே கண்ணுக்குள் ஊற்றிக்கொள்கிறார். இது கற்பனை அல்ல. இப்படி நோய் வந்தவர்களைக் கண் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைக் கிருமி கொனோரியாவுக்கு நேர் எதிர். சோம்பேறிக் கிருமி. பெரும்பாலும் ஒரு கண் மட்டும் சிவக்கும். காலையில் கொஞ்சம் பீளை, கொஞ்சம் உறுத்தல். கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே ஜவ்வரிசி போலச் சிறு பருக்கள். காதுக்கு முன்னால் ஒரு சின்ன நெறி கட்டியிருக்கலாம். வலி பெரிதாக இல்லை என்பதால் மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து, அது தீர்ந்ததும் வேறொன்று, அப்புறம் மூன்றாவது. போடும்போது குறையும், நிறுத்தினால் திரும்பும். இப்படியே மாதக் கணக்கில் ஓடும். மூன்று வாரம் தாண்டியும் ஒரு கண் சிவப்பாகவே இருந்தால் அதை மெட்ராஸ் ஐ என்று அழைப்பதை நிறுத்திவிட வேண்டும். இந்தக் கிருமி கண்ணில் தெரிகிறது என்றால் பிறப்புறுப்பிலும் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே எந்தத் தொந்தரவும் தெரியாமலே இருக்கலாம், பெண்களுக்கு முக்கியமாக. எனவே மருந்து வாய் வழியாகத்தான் போக வேண்டும். அசித்ரோமைசின் ஒரே வேளையாகவோ, டாக்ஸிசைக்ளின் ஏழு நாளாகவோ மருத்துவர் எழுதித் தருவார். அதே மருந்து வாழ்க்கைத் துணைக்கும் தேவைப்படும்.

அறிக்கையில் ‘கிளமிடியா டிராகோமாட்டிஸ்’ என்று பார்த்ததும் பதறவும் கூடாது. டிராகோமா என்ற பழைய கண்ணோய்க்கும் இதே கிருமியின் வேறு வகைகள்தான் காரணம். அது ஈ, அழுக்குத் துண்டு, குழந்தைகளின் கை வழியாகப் பரவுவது. உடலுறவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து அந்த நோயை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024இல் அறிவித்தது.

“சிவப்புக்கு அந்தச் சொட்டு மருந்து நன்றாகக் கேட்கிறது”

கேட்கும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து எந்தச் சிவப்பையும் இரண்டு நாளில் அடக்கும். அதுதான் ஆபத்து. பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசலோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் கண்ணைப் பார்க்காமல் அதைப் போடுவது, புகை வருகிற வீட்டில் சன்னலைச் சாத்திவிட்டுப் புகை நின்றுவிட்டது என்று சொல்வதைப் போன்றது.

ஹெர்பீஸ் வைரஸ் கருவிழியில் போடும் புண்ணுக்கு மரக்கிளை போன்ற வடிவம் உண்டு. மருத்துவர் ஒரு மஞ்சள் சாயத்தைத் தொட்டு நீல ஒளியில் பார்த்தால் அந்தக் கிளை பச்சையாக ஒளிரும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் ஸ்டீராய்டை மட்டும் விட்டால் கிளைகள் பரந்து ஒரு தேசப்படம் போலாகிவிடும். தழும்பு நிற்கும். சிவப்பு போய்விட்டதே என்று மகிழ்ந்திருப்பவருக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கும். அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துதான் இதற்கு முதல் மருந்து.

ஆனால் இதே இடத்தில் எதிர்த்திசைத் தவறு ஒன்றும் நடக்கிறது. கண்ணில் ஹெர்பீஸ் என்று கேட்டதும் இணையத்தில் தேடி, பால்வினை நோய் என்று படித்து, கணவன் மனைவிக்குள் சண்டை மூள்கிறது. கண்ணுக்கு வருவது பெரும்பாலும் ஹெர்பீஸின் முதல் வகை. உதட்டோரம் கொப்புளம் போடுகிற அதே வைரஸ். அது பலருக்குச் சிறுவயதிலேயே, வீட்டில் யாரோ கொஞ்சி முத்தம் கொடுத்தபோது ஒட்டிக்கொள்வது. நரம்பில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, காய்ச்சலோ களைப்போ வரும்போது கண்ணுக்கு இறங்கும். யாருடைய நடத்தைக்கும் அது சாட்சி அல்ல.

“அந்தப் புண் எப்போதோ ஆறிவிட்டதே”

மிச்சிகன் பெண்களிடம் திரும்ப வேண்டிய இடம் இது. மற்ற எல்லாவற்றையும்விட இதைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சிஃபிலிஸின் முதல் புண்ணுக்கு வலி இருக்காது. வாயிலோ ஆசனவாயிலோ பெண்ணுறுப்பின் உட்பகுதியிலோ இருந்தால் கண்ணுக்கும் தெரியாது. மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் மருந்தில்லாமலே ஆறிவிடும். பிறகு உள்ளங்கையில், உள்ளங்காலில் தடிப்பு வரலாம்; அதுவும் மறைந்துவிடும். மறைந்ததும் நோய் போய்விட்டது என்று எண்ணுவதுதான் உலகம் முழுக்க மனிதர்கள் செய்கிற தவறு. டிரெபொனிமா பாலிடம் என்ற அந்தத் திருகு வடிவக் கிருமி உள்ளேதான் இருக்கிறது. 1905இல் பெர்லினில் ஷாடினும் ஹாஃப்மனும் அதைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, எல்லா நோயையும் போல வேஷம் போடும் நோய் என்று சிஃபிலிஸுக்குப் பெயர் உண்டு. கண்ணுக்குள் அது போடாத வேஷம் இல்லை. கண்ணின் நடுப்படலம், விழித்திரை, பார்வை நரம்பு எல்லாவற்றிலும் அழற்சி உண்டாக்கும். முதல் புண் இருக்கும்போதே வரலாம், பல ஆண்டு கழித்தும் வரலாம். இது பழங்கதையும் அல்ல. 2014 டிசம்பருக்கும் 2015 மார்ச்சுக்கும் இடையே சியாட்டில், சான் பிரான்சிஸ்கோ நகரங்களில் மட்டும் 12 பேருக்குக் கண் சிஃபிலிஸ் வந்து, சிலர் பார்வையை இழந்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நாடு முழுவதும் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது.

இங்கே நடக்கும் தவறுகள் நோயாளி பக்கமும் உண்டு, மருத்துவர் பக்கமும் உண்டு. கண்ணின் உள்ளே அழற்சி என்று தெரிந்ததும் ஸ்டீராய்டு தொடங்குகிறார்கள். கொஞ்சம் தெளியும், பிறகு முன்னிலும் மோசமாகும். காரணம் தெரியாத உள்கண் அழற்சி எதுவானாலும் சிஃபிலிஸ் சோதனை ஒன்று செய்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். வயதையும் பதவியையும் தாலியையும் பார்த்து ‘இவருக்கு இருக்காது’ என்று ஒதுக்கக் கூடாது. நீங்கள் நோயாளியாக இருந்தால் நீங்களே கேட்கலாம்: “டாக்டர், சிஃபிலிஸ் சோதனை செய்துவிட்டோமா?” அந்த ஒரு கேள்வி மருத்துவரின் சங்கடத்தையும் தீர்த்துவிடும்.

சோதனையிலும் ஒரு சிக்கல். வி.டி.ஆர்.எல். என்ற இரத்தச் சோதனை மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் நோய் பழையதானால் அது ‘இல்லை’ என்று காட்டலாம். கிருமிக்கு எதிரான புரதம் மிக அதிகமாக இருந்தாலும் ஏமாந்துபோய் ‘இல்லை’ என்று சொல்லலாம். மறுபுறம், கர்ப்பத்திலும் வேறு சில நோய்களிலும் இல்லாததை ‘இருக்கிறது’ என்று காட்டவும் செய்யும். எனவே டி.பி.எச்.ஏ. போன்ற இரண்டாவது சோதனையும் சேர்ந்தே வேண்டும். அது ஒருமுறை பாசிட்டிவ் ஆனால், குணமான பிறகும் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க அப்படியே காட்டும். பழைய அறிக்கையைக் கண்டு மறுபடி நோய் வந்துவிட்டதாகக் கலங்க வேண்டியதில்லை. முதுகுத் தண்டு நீரை எடுத்துச் சோதித்து, அது சுத்தமாக இருந்தாலும் கண் சிஃபிலிஸ் இல்லை என்று ஆகிவிடாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு சிகிச்சையில் நடப்பது. தொடக்க நிலை சிஃபிலிஸுக்கு இடுப்பில் ஒரே ஒரு பென்சத்தீன் பென்சிலின் ஊசி, 24 லட்சம் யூனிட், போதும். கண்ணுக்குப் போய்விட்டால் அது போதாது. அந்த ஊசி மெதுவாகக் கரைவது. கண்ணுக்குள்ளும் மூளையைச் சுற்றிய நீரிலும் கிருமியைக் கொல்லும் அளவுக்கு அது சேராது. ஆகவே கண் சிஃபிலிஸை மூளை சிஃபிலிஸாகவே கருதி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, நாளொன்றுக்கு 1.8 கோடி முதல் 2.4 கோடி யூனிட் பென்சிலினை நரம்பு வழியாக 10 முதல் 14 நாள் ஏற்ற வேண்டும். ‘ஊசி போட்டாயிற்று’ என்று பாதியில் வீட்டுக்குக் கிளம்புகிறவர் தன் பார்வையைப் பணயம் வைக்கிறார். முதல் நாள் பென்சிலின் ஏறியதும் காய்ச்சல், நடுக்கம், உடம்புவலி வரக்கூடும். செத்த கிருமிகள் கிளப்பும் கலவரம் அது, ஒரு நாளில் அடங்கும். அதை ஒவ்வாமை என்று தாமே முடிவு செய்து மருந்தை நிறுத்தச் சொல்லக் கூடாது. மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். இத்தோடு எச்.ஐ.வி. சோதனையும் செய்துகொள்வது முறை. மிச்சிகன் பெண்கள் ஐவருக்கும் அது இல்லை என்று வந்தது.

பிறந்த குழந்தையின் கண்

பிறந்த குழந்தைக்குப் பீளை கட்டுவது உண்மையிலேயே சகஜம். கண்ணீர்க் குழாய் அடைத்திருந்தாலும் கட்டும். அதனால்தான் பாட்டிமார் தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கண்ணில் விடச் சொல்கிறார்கள். வெறும் அடைப்பாக இருந்தால் அது எப்படியும் சரியாகிவிடும், பெயர் தாய்ப்பாலுக்குப் போய்விடும். ஆனால் பிறந்து இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் இமை வீங்கிச் சீழ் கொட்டினால் கொனோரியாவை நினைக்க வேண்டும். ஐந்து நாளுக்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் கிளமிடியாவை. பிறந்த முதல் மாதத்தில் கண் சிவந்து சீழ் வந்தால் வீட்டு வைத்தியத்துக்கு ஒரு மணி நேரம்கூடச் செலவிட வேண்டாம்.

ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பார்வையற்றோர் பள்ளிகளில் இருந்த பலரின் பார்வையைப் பறித்தது, பிறந்ததும் வந்த இந்தக் கொனோரியா கண்ணோய்தான். 1879இல் ஆல்பர்ட் நைஸர் கொனோரியா கிருமியைக் கண்டுபிடித்தார். அடுத்த ஓரிரு ஆண்டிலேயே லைப்சிக் நகரப் பிரசவ மருத்துவர் கார்ல் கிரேடே, பிறந்த ஒவ்வொரு குழந்தையின் கண்ணிலும் இரண்டு சதவீத சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடத் தொடங்கினார். அவருடைய மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்து என்றிருந்த கண் நோய், நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. யாருடைய தாய் எப்படிப்பட்டவள் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, எல்லாக் குழந்தைக்கும் விட்டார். இன்று சில்வர் நைட்ரேட் வழக்கொழிந்துவிட்டது. சில நாடுகளில் எரித்ரோமைசின் களிம்பு தடவுகிறார்கள்.

கிளமிடியா வந்த குழந்தைக்குச் சொட்டு மருந்தோடு நிறுத்துவது இன்னொரு தவறு. அதே கிருமி மூக்கு, தொண்டை வழியாக நுரையீரலுக்கு இறங்கி, முதல் சில மாதங்களில் நிமோனியாவாக எழும். உள்ளுக்கு மருந்து கொடுத்தாக வேண்டும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும்கூட. கர்ப்ப காலத்தில் எழுதித் தரும் சிஃபிலிஸ் சோதனையை ‘நமக்கு எதற்கு இதெல்லாம்’ என்று தவிர்க்கிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும். தாயிடமிருந்து சிஃபிலிஸ் பெற்ற குழந்தை பிறந்தபோது நன்றாகவே இருந்துவிட்டு, பள்ளி வயதிலோ வாலிபத்திலோ கருவிழி வெளுத்து மங்கிப்போகலாம். பல் வரிசையில் பிறை போன்ற வெட்டும் காது மந்தமும் சேர்ந்து வந்தால், ஆங்கில மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விவரித்த அதே மூன்று அடையாளங்கள்.

எச்.ஐ.வி., அக்கி, இமைப் பேன்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு இன்று கண் பற்றிய பயம் வெகுவாகக் குறைந்துவிட்டது. சோதனையே செய்துகொள்ளாதவரும் மாத்திரையை நிறுத்தியவரும்தான் சிக்குகிறார்கள். சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை ஐம்பதுக்கும் கீழே போகும்போது சி.எம்.வி. என்ற வைரஸ் விழித்திரையை அரிக்கத் தொடங்கும். கண் சிவக்காது, வலிக்காது. ஓரத்தில் தொடங்குவதால் பார்வை நன்றாக இருப்பதாகவே தோன்றும். மிதக்கும் புள்ளிகளோ, மின்னல் கீற்றோ, ஓரத்தில் ஒரு திரையோ தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும். ஆகவே சிடி4 குறைந்தவர், கண்ணில் குறையே இல்லாவிட்டாலும், பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டு விழித்திரையைக் காட்டிவிட வேண்டும்.

அக்கி பால்வினை நோய் அல்ல. சின்னம்மை வைரஸ் மறுபடி விழிப்பது. ஆனால் இளம் வயதில் ஒருவருக்கு நெற்றியில், கண்ணைச் சுற்றி அக்கி வந்தால் எச்.ஐ.வி. சோதனை செய்து பார்ப்பது நல்லது. நம் ஊர்களில் அக்கி என்றால் குயவரிடம் போய்க் காவி எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு. முதுகில் வந்த அக்கிக்கு எழுதிக்கொண்டு ஆறுதலடைகிறவரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் கொப்புளம் மூக்கு நுனியில் இருந்தால் கண்ணும் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். வைரஸ் மருந்து முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். எழுதிக்கொள்ளப் போகும் வழியில் அந்த நேரம் கரைந்துவிடக் கூடாது.

இமை முடியில் பொடுகு போல ஏதோ ஒட்டிக்கொண்டு தீராத அரிப்பு இருந்தால், அது பிறப்புறுப்பு முடியில் வாழும் பேனாகவும் இருக்கலாம். தலைப்பேன் ஷாம்பூவைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். கண் மருத்துவர் இடுக்கியால் எடுத்துவிட்டுக் களிம்பு தருவார். குழந்தையின் இமையில் அதைக் கண்டால் படுக்கை, துண்டு வழியாகவும் வந்திருக்கலாம். ஆனால் யாராவது அந்தக் குழந்தையிடம் தவறாக நடந்துகொண்டார்களா என்பதையும் பொறுமையாக விசாரிக்காமல் விடக் கூடாது.

சொல்ல வேண்டியது எவ்வளவு?

கொஞ்சம்தான். புதிய துணை உண்டா, ஆணுறை இல்லாமல் உறவு நடந்ததா, அண்மையில் புண், தடிப்பு, வெள்ளைப்படுதல், சிறுநீர் எரிச்சல் ஏதாவது இருந்ததா. கதை வேண்டாம், பெயர் வேண்டாம். உடன் வந்த உறவினர் முன்னால் சொல்ல முடியாவிட்டால், தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உறவின்போது விந்து கண்ணில் தெறித்துவிட்டால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள், துணைக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்றோ இருக்கலாம் என்றோ தோன்றினால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் தடுப்பு மருந்து தொடங்கலாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனை இலவசம். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதமில்லாமல் அந்தச் சோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

மருந்தைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டுத் துணையிடம் மறைப்பது, இந்தப் பட்டியலில் பலரும் செய்கிற தவறு. கண் குணமாகும், அடுத்த மாதம் அதே கிருமி அதே வீட்டிலிருந்து திரும்பி வரும். மிச்சிகனில் ஐந்து பெண்களுக்கும் நரம்பு வழியாகப் பென்சிலின் ஏற்றினார்கள், கண்ணின் தொல்லைகள் தணிந்தன. அதோடு விடாமல் அந்த ஆணையும் தேடிப் போய், கண்ணில் எந்தக் குறையும் இல்லாத அவருக்கும் ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் தொடர்பில் ஆறாவது நோயாளி வரவில்லை.